முதுமை பற்றி வாரம் ஒரு மணி நேரம்

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தேழு வருடம் கணக்கு எழுதியவர். எங்களோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வட கரோலினாவுக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபத்தொன்பது. வந்த இடத்தில் கால் வீங்கிக்கொள்ள, ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருத்துவர் வருவதற்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தார். வயதானவர்கள் எல்லோரிடமும் கேட்கிற பத்துக் கேள்விகள் இருக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் குறுக்கே பேசக்கூடாதாம். மொழிபெயர்க்க ஒருவர் தொலைபேசியில் வந்தார். அவருடையது எந்த ஊர்த் தமிழ் என்று அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இன்று என்ன தேதி, என்ன கிழமை? சரியாகச் சொன்னார், அன்று ஏகாதசி என்பதையும் சேர்த்துச் சொன்னார். இது என்ன இடம்? ஆஸ்பத்திரி. தொலைபேசி எண்? ஊர் வீட்டு எண்ணை எஸ்.டி.டி. குறியீட்டோடு ஒப்பித்தார். வயது சொன்னார். பிறந்த தேதி கேட்டதும் என் பக்கம் திரும்பினார். "எதைச் சொல்றது தம்பி? வாத்தியார் போட்டதா, நெசமானதா?" பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட ஜூன் மாதத் தேதிதான் அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது. அவர் உண்மையில் பிறந்தது பங்குனி மாதம், உத்திரட்டாதி நட்சத்திரம். உண்மையைச் சொல்லிவிட்டார். கையில் இருந்த காகிதத்தோடு அது பொருந்தவில்லை.

இப்போதைய ஜனாதிபதி யார் என்றதற்கு இந்தியாவின் ஜனாதிபதியைச் சொன்னார். அவருக்கு முந்தையவர் யார் என்றதற்கும் அப்படியே. பிறகு, உங்கள் தாயார் கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த பெயர் என்ன? அப்பா கொஞ்சம் யோசித்து, "செல்லம்மாள். கல்யாணத்துக்கு முன்னாடியும் செல்லம்மாள்தான்" என்றார். கடைசியாக, இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே "பதினேழு, பதினாலு, பதினொண்ணு, எட்டு, அஞ்சு, ரெண்டு" என்று முடித்துவிட்டு, அவ்வளவுதானா என்பதுபோலப் பார்த்தார்.

நான்கு பிழைகள். லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கக்கூடும், தொடர்ந்து கவனிக்கவும் என்று தாளில் குறித்துக் கொடுத்தார்கள். காரில் வரும்போது "பாஸா பெயிலா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இந்தப் பத்துக் கேள்விகளை யார் எழுதினார்கள் என்று அன்றிரவே தேடிப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், டர்ஹாம் நகரத்தில் இருக்கும் ட்யூக் பல்கலைக்கழகத்தில் பிறந்தவை அவை. எரிக் ஃபைஃபர் என்ற மனநல மருத்துவர் 1975-ல் வெளியிட்டது. உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இரண்டு பிழைவரை குறைபாடில்லை, மூன்று நான்கு என்றால் லேசான குறைபாடு, ஐந்து முதல் ஏழு வரை நடுத்தரம், எட்டும் அதற்கு மேலும் கடுமை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவருக்கு ஒரு பிழை சலுகை உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கு மேல் படித்தவருக்கு ஒன்று குறைவு. கறுப்பின மக்களுக்கும் ஒரு பிழை கூடுதலாக அனுமதிக்கச் சொல்லியிருந்தது அந்த மூலக் கட்டுரை. கேள்விகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பது எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். செல்லம்மாள் கல்யாணத்துக்குப் பிறகும் செல்லம்மாளாகவே இருக்கும் ஒரு சமூகம் அப்போது அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவே.

ஃபைஃபர் அப்போது வேலை பார்த்த இடம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்: ட்யூக் பல்கலைக்கழகத்தின் முதுமை மற்றும் மனித வளர்ச்சி ஆய்வு மையம். கோபத்தோடுதான் அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பிறகு அதன் ஆய்வரங்குகளுக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், இடம் மாறிவிட்டது.

மையம் தொடங்கியது 1955-ல். நிறுவியவர் எவல்ட் பஸ்ஸி, இவரும் மனநல மருத்துவர். அந்தக் காலத்தில் முதுமையைப் பற்றி மருத்துவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் காப்பகத்துக்கும் வந்து சேர்ந்த முதியவர்களிடமிருந்து தெரிந்துகொண்டதுதான். நோயாளிகளை மட்டும் பார்த்துவிட்டு முதுமை என்றாலே நோய் என்று எழுதிவைத்திருந்தார்கள். பஸ்ஸி கேட்டது எளிய கேள்வி. வீட்டில் இருந்துகொண்டு, சந்தைக்கும் சர்ச்சுக்கும் போய்க்கொண்டு, சும்மா வயதாகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் என்ன? டர்ஹாமிலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபது வயதைத் தாண்டிய, வெள்ளையரும் கறுப்பருமாகச் சுமார் 270 பேர் சம்மதித்தார்கள். இனப் பாகுபாடு சட்டமாக இருந்த தென் மாநிலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்க வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு நாள் வந்து தங்களை முழுசாகப் பரிசோதிக்கக் கொடுத்தார்கள்: உடல், கண், காது, மூளையின் மின்னலைகள், புத்திக்கூர்மை, குடும்பம், பணம், பொழுதுபோக்கு. சில வருடங்கள் கழித்து மறுபடி. பிறகு மறுபடி. 1976 வரை இருபத்தோரு வருடம் இது நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து என்ன கிடைத்தது? ஓர் உதாரணம் சொல்கிறேன். வயதானால் புத்தி மழுங்கும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம், நம் ஊரிலும் "அறுபதுக்கு மேல அப்படித்தான்" என்போம். வில்கி, ஐஸ்டார்ஃபர் என்ற இரு ட்யூக் ஆய்வாளர்கள் 1971-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறுபதுகளில் இருந்தவர்களைப் பத்து வருடம் கழித்து மறுபடி சோதித்தபோது, புத்திக்கூர்மைச் சோதனையில் நன்றாகச் சரிந்தவர்கள் ஆரம்பத்திலேயே உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களாக இருந்தார்கள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கு அப்படிச் சரியவில்லை. வயதின்மேல் போட்ட பழியில் ஒரு பங்கு ரத்த அழுத்தத்தைச் சேரவேண்டியது என்று ஆயிற்று. இதை வைத்தியம் செய்து பார்த்து உறுதி செய்ய இன்னும் நாற்பத்தெட்டு வருடம் பிடித்தது. இதே மாநிலத்தின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. மேல் அழுத்தத்தை 140-க்குப் பதில் 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடையே லேசான அறிவாற்றல் குறைபாடு தோன்றுவது குறைந்திருந்தது. (முழு மறதிநோய் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஊறுகாயை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அப்பாவிடம் இந்த இரண்டு ஆய்வுகளையும் எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு, ஊறுகாய் ஜாடியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

ஆய்வரங்கு என்று சொன்னேனல்லவா, அது இந்த மையத்தில் பழைய பழக்கம். 1959 முதல் நடந்த உரைகளைத் தொகுத்துப் புத்தகங்களாகவே போட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழக வாழ்க்கை பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம். ஒருவர் நாற்பது நிமிடம் தன் ஆய்வைச் சொல்வார், மற்றவர்கள் இருபது நிமிடம் அதைப் பிய்ப்பார்கள். கையில் சாண்ட்விச்சோடு வந்து உட்காரலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பெரும்பாலான முதுமை ஆய்வு மையங்களில் இந்த ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமோ சேர்க்கையோ கிடையாது. அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார வேண்டியதுதான். 2020-ன் தொற்றுக்காலத்துக்குப் பிறகு பல இடங்களில் வீட்டிலிருந்தே திரையில் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. பனிக்காலத்தில் வெளியே இறங்கப் பயப்படும் முதியவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

எனக்குப் பிடித்தது, ஒரு வாரம் பேசுவதற்கும் அடுத்த வாரம் பேசுவதற்கும் சம்பந்தமே இல்லாதிருப்பதுதான். ஒரு வாரம் எலியின் தசை. அடுத்த வாரம் விதவைகளின் வருமானம். அதற்கடுத்த வாரம், ஆபரேஷனுக்கு முன் முதியவரை எப்படித் தயார் செய்வது. கிழவர் ஒருவர் கீழே விழுகிறார் என்றால் அதில் காது இருக்கிறது, கண் இருக்கிறது, தூக்க மாத்திரை இருக்கிறது, மனைவி இறந்தபின் சமைத்துச் சாப்பிடாமல் விட்டது இருக்கிறது, படிக்கட்டில் எரியாத விளக்கு இருக்கிறது. எந்த ஒரு துறையும் இவ்வளவையும் தன் வீட்டுக்குள் வைத்திருக்காது. எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைக்கும் ஏற்பாடுதான் இந்த மையம் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

இந்த உரைகளால் அறிந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

நியூசிலாந்தில் டனீடன் என்று ஓர் ஊர். அங்கே 1972-73-ல் ஒரு வருட காலத்தில் பிறந்த 1,037 குழந்தைகளை அன்றிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். இந்த ஆய்வை நடத்துபவர்களில் முக்கியமான டெர்ரி மாஃபிட், அவ்ஷலோம் காஸ்பி இருவரும் ட்யூக்கில் பேராசிரியர்கள். இவர்கள் குழு 2015-ல் வெளியிட்ட கட்டுரையில், எல்லோருக்கும் முப்பத்தெட்டு வயது நிறைந்தபோது சிறுநீரகம், நுரையீரல், ஈறு, ரத்தக் கொழுப்பு என்று அளந்து உடலின் வயதைக் கணக்கிட்டார்கள். ஒரே வருடம் பிறந்தவர்களில் ஒருவருக்கு உடம்பின் வயது 28, இன்னொருவருக்கு 61! முதுமை அறுபதில் தொடங்குவதில்லை, முப்பதுகளிலேயே ஆளுக்கு ஒரு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். பிறகு இந்த வேகத்தை ஒரு துளி ரத்தத்திலிருந்து கணிக்கும் முறையையும் உருவாக்கினார்கள். ட்யூக் ஒருங்கிணைத்த வேறோர் ஆய்வில், உடல் பருமன் இல்லாத சுமார் 220 பேரில் ஒரு பகுதியினரை இரண்டு வருடம் கால்வாசிச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். மனிதர்கள்தானே, எட்டில் ஒரு பங்குதான் குறைக்க முடிந்தது. ஆனாலும் முதுமையின் வேகம் இரண்டு மூன்று சதவீதம் மட்டுப்பட்டிருந்தது என்று 2023-ல் எழுதினார்கள். ஏகாதசிக்காரரான அப்பாவுக்கு இந்தச் செய்தி மட்டும் உடனே பிடித்துப்போனது.

எனக்கு அந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பிசிராந்தையார் ஞாபகம் வந்தார். வயது இத்தனை ஆகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்ன புறநானூற்றுப் பாட்டு 191-ஐ நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பதிலில் மூலிகை இல்லை, உணவு இல்லை. மனைவி, பிள்ளைகள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என்று சுற்றி இருக்கும் மனிதர்கள் மட்டுமே இருக்கிறார்கள். இன்றைய சமூகவியலாளர்கள் 'சமூக ஆதரவு' என்று அட்டவணை போட்டு அளப்பதும் இதைத்தான். 'எங்கள் புலவர் அன்றே சொல்லிவிட்டார்' என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. புலவர் அளந்து பார்க்கவில்லை, இவர்கள் அளந்து பார்க்கிறார்கள். ஆனால் பட்டியலை இரண்டு பேரும் ஒரே மாதிரி போடுகிறார்கள் என்பது ஆச்சரியம்தான்.

இரண்டாவது, நடை. நான்கு மீட்டர் தூரத்தைச் சாதாரணமாக நடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் போதும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக முதியோர் மருத்துவர் ஸ்டெஃபனி ஸ்டூடென்ஸ்கியும் அவரது குழுவினரும் 34,485 முதியவர்களின் தகவல்களைத் திரட்டி 2011-ல் காட்டியது இது. நடை வேகமாக இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். நொடிக்கு 0.8 மீட்டர் என்பது அந்தந்த வயதுக்குச் சராசரியான ஆயுளைக் காட்டும் வேகம். ஒரு மீட்டருக்கு மேல் என்றால் அதைவிட நல்ல அறிகுறி. இதயமும் நுரையீரலும் மூட்டும் மூளையும் ஒன்றுசேர்ந்து வேலை செய்தால்தான் கால் சீராக எட்டெடுத்து வைக்கும். அதனால்தான் ஒரு சாதாரண நடைக்கு இவ்வளவு சொல்லத் தெரிகிறது. அப்பாவிடம் சொன்னேன். தையல் டேப்பை எடுத்து வராந்தாவில் நான்கு மீட்டர் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, என்னைக் கடிகாரம் பார்க்கச் சொன்னார். நாலரை நொடி. "வினாடிக்கு எம்பத்தொம்பது சென்டிமீட்டர்" என்று நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் சொல்லிவிட்டார். அறிவாற்றல் குறைபாடாம்!

இந்த மையம் உடைத்த பழைய கருத்துகளில் இன்னொன்று உண்டு. 1961-ல் சிகாகோவைச் சேர்ந்த இலெய்ன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும் ஒரு கோட்பாடு வைத்தார்கள். வயதானவர் சமூகத்திலிருந்து மெல்ல விலகுவதும் சமூகம் அவரை விலக்குவதும் இயற்கை, இரு தரப்புக்கும் நல்லது என்றார்கள். நம் வானப்பிரஸ்தத்தின் அமெரிக்கப் பதிப்பு என்று சொல்லலாம். டர்ஹாம் முதியவர்களின் தகவல்களை வைத்து ஜார்ஜ் மேடக்ஸ் (பின்னாளில் மையத்தின் இயக்குநரானவர்) காட்டியது வேறு. வேலை, உறவு, ஊர்க்காரியம் என்று ஈடுபாட்டோடு இருந்தவர்கள்தான் பொதுவாக நிறைவோடு இருந்தார்கள். இதே மையத்தின் எர்ட்மன் பால்மோர் 1977-ல் முதுமை பற்றி இருபத்தைந்து சரியா-தவறா வினாக்கள் கொண்ட ஒரு வினாத்தாள் தயாரித்தார். முதியவர்களில் பாதிக்கு மேல் நினைவு தடுமாறியவர்கள் என்பது மாதிரியான வாக்கியங்கள் அதில் இருக்கும். (தவறு என்பதே விடை.) நம் வீட்டு விருந்துகளில் கொடுத்துப் பார்க்கலாம், யார் யாருக்கு எத்தனை மதிப்பெண் வருகிறதென்று.

சரி, நமக்கு இங்கே என்ன இருக்கிறது?

கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் கோடை விடுமுறையில் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வேலை பார்க்கும் திட்டங்கள் இத்தகைய மையங்களில் உண்டு, உதவித்தொகையோடு. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி இடங்கள் இருக்கின்றன. பணம் பெரும்பாலும் 1974-ல் அமைக்கப்பட்ட தேசிய முதுமை ஆய்வுக் கழகத்திலிருந்து வருகிறது. ஒரு எச்சரிக்கை: இந்த அரசுப் பயிற்சி நிதியைப் பெற அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், விசாவில் இருப்பவர்கள் மனுப் போட்டுவிட்டு ஏமாறவேண்டாம், தனி ஆய்வாளரின் நிதியில் வேலை கேட்பதே வழி. முதியோர் மருத்துவத்துக்கு வர இளம் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். இருதயத்தையோ எலும்பையோ பார்த்தால் வருமானம் அதிகம். அதனால் ஆர்வத்தோடு கதவைத் தட்டுகிறவரை இங்கே உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.

பெற்றோருக்கு? ட்யூக்கில் 1977-ல் ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு கற்றல் நிலையம் தொடங்கினார்கள். 2004-லிருந்து ஆஷர் வாழ்நாள் கற்றல் நிலையம் என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தேர்வில்லாமல், மதிப்பெண் இல்லாமல் வரலாறும் இசையும் நாவலும் படிக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்களே பாடம் எடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் இந்த ஆஷர் நிலையங்கள் இருக்கின்றன. பேரக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எத்தனையோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களுக்கு இதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மறதிநோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு லிசா க்வைதர் 1980-ல் தொடங்கிய ஆதரவுத் திட்டமும் ட்யூக்கில் இருக்கிறது. நம் சமூகத்தில் இதைப் பற்றி வெளியே பேசுவதே அவமானம் என்று நினைக்கிறோம். அம்மாவுக்கு மறதி என்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று ஒரு நண்பர் என்னிடமே சொன்னார், அவர் பெண்ணுக்கு வயது ஒன்பது!

கடைசி வாய்ப்பு பதிவேடு. ஆய்வுகளில் பங்கேற்க விருப்பமுள்ள முதியவர்களின் பெயர்களை இந்த மையங்கள் பதிந்து வைத்துக்கொள்கின்றன. ஓர் ஆய்வாளருக்கு எழுபது வயதுக்கு மேற்பட்ட முப்பது பேர் வேண்டுமென்றால் அதிலிருந்து அழைப்பார்கள். பெயரைக் கொடுத்ததால் எதற்கும் சம்மதித்ததாக ஆகாது, ஒவ்வோர் ஆய்வுக்கும் தனியாகக் கேட்பார்கள், பாதியில் விலகலாம். ஓர் ஆய்வரங்கின் முடிவில் பின்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எழுந்து, "எங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் போனீர்களே, அதில் என்ன தெரிந்தது என்று எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?" என்று கேட்டார். பேராசிரியர் தடுமாறிவிட்டார். அந்த அறையில் மிகுந்த உரிமையோடு பேசியது அவர்தான். அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நம் ஆட்களில் யாருக்காவது அது இருக்கிறதா?

என் கோபம் இடம் மாறியது என்று சொன்னது இதனால்தான். உலகில் மறதிநோய் உள்ளவர்களில் அறுபத்தாறு சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வுகளில் பத்து சதவீதமோ அதற்கும் குறைவோதான் அவர்களைப் பற்றியவை என்ற கணக்கைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டு '10/66' என்று ஓர் ஆய்வுக் குழு 1990-களின் இறுதியில் கிளம்பியது. அவர்கள் வீடு வீடாகப் போன இடங்களில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு. அதற்கும் முன்பே மேரி கங்கூலி என்ற பிட்ஸ்பர்க் ஆய்வாளரின் குழு ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு சோதனையை மாற்றி எழுதி 1995-ல் வெளியிட்டது. மூலத்தில் 'கண்களை மூடு' என்று எழுதிய அட்டையைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். இங்கே, என் முகத்தைப் பார்த்து நான் செய்கிறபடியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கண்ணை மூடுவார். எவ்வளவு சின்ன மாற்றம்! ஆனால் அதைச் செய்ய ஒருவர் அந்தத் திண்ணையில் போய் உட்கார வேண்டியிருந்தது. 2017-ல் இந்தியா முழுக்கத் தொடங்கிய நெடுநாள் முதுமை ஆய்வு, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கியது. தமிழ்நாட்டின் வீடுகளும் அதில் இருக்கின்றன. இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்துக்கு முன்னோடி சென்னைதான். அரசு பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராஜன் 1978-ல் அதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் முதியோருக்கென 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டது.

ஆக, ஊரில் இருப்பவர்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளையரையும் கறுப்பரையும் டர்ஹாமில் 1955-லிருந்தே எண்ணுகிறார்கள். நடுவில் இருப்பவர்கள் நாங்கள், புலம்பெயர்ந்தவர்களும் அவர்கள் கூட அழைத்துவந்த பெற்றோர்களும். அமெரிக்கத் தெற்காசியர்களின் இதயநோய் பற்றி 2010-ல் தொடங்கிய 'மசாலா' என்ற ஆய்வு (பெயர்ச் சுருக்கம்தான், சமையல் அல்ல) மிக நல்ல ஆய்வு. சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளிலிருந்து 906 பேரைச் சேர்த்தார்கள். அதில் சேர ஆங்கிலமோ இந்தியோ உருதோ தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த அப்பாக்களும் அம்மாக்களும் வெளியே. இதில் ஆய்வாளர்களைக் குறை சொல்ல முடியாது, எல்லா மொழிக்கும் ஆள் வைக்க அவர்களிடம் பணமில்லை. ஆனால் நாங்கள் அந்த அறைக்குள் போய் உட்காரவில்லை என்பதும் உண்மை. சங்கத்துக்குப் பொங்கல் விழா நடத்த நூறு தன்னார்வலர்கள் கிடைக்கிறார்கள். தமிழ் தெரிந்த இரண்டு பேர் ஒரு மையத்துக்குப் போய், கேள்வித்தாளைத் தமிழில் சரிபார்த்துத் தருகிறோம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. செல்லம்மாளுக்கு இன்னொரு பெயர் கிடையாது என்பதை யாராவது ஒருவர் போய்ச் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்?

நான் சொன்னேன். ஓர் ஆய்வரங்கு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அன்று பேசிய பெண்மணியிடம் அப்பாவின் பத்துக் கேள்விகளைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறந்த தேதி விஷயத்தை இரண்டு முறை திரும்பக் கேட்டார். "உங்கள் அப்பா பதிவேட்டில் இருக்கிறாரா?" என்றார். இல்லை என்றேன்.

படிவம் இரண்டு பக்கம்தான். அப்பாவிடம் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. சாப்பாட்டு மேசையில் மூக்குக்கண்ணாடியின் கீழே கிடக்கிறது. ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத் தெரியும். பெயர், ஊர், எடை, சர்க்கரை உண்டா, மாத்திரைகள் என்ன என்று எல்லாக் கட்டங்களையும் கணக்குப் புத்தகக் கையெழுத்தில் நிரப்பிவிட்டார். நேற்று ராத்திரி நான் வேலையிலிருந்து வந்ததும் பேனாவோடு வந்து நின்றார். ஒரு கட்டம் மட்டும் காலி.

"இதுல எதைப் போடறது தம்பி? வாத்தியார் போட்டதையா, பங்குனியையா?"